மே மாதத்து இரண்டாம் வாரம்

ஏப்ரல் பிறந்ததும் மார்த்தாள் பீரோவின் மேல்தட்டிலிருந்து நான்கு சொட்டர்களை எடுத்துப் பின்பக்கக் கொடியில் வெயிலுக்குப் போடுவாள். நெய்வேலியில் அந்த மாதத்தில் ஈரச்சேலையைக் கொடியில் விரித்துவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பினால் காய்ந்து விறைத்திருக்கும். அந்த வெயிலில் கம்பளிச் சட்டை தொங்குவதைப் பார்த்து மாடி குவார்ட்டர்ஸ் கண்ணகி ஒவ்வொரு வருடமும் ஏதாவது சொல்லாமல் இருக்க மாட்டாள்.

"என்னாக்கா, இங்க அவனவனுக்குத் தோலு உரியுது, நீ கம்பளியக் காய வெக்கிற. மைன்ஸ் உள்ள ஐஸ் பெஞ்சிதா?"

"ஆமா, உங்க வூட்டுக்காரரு அள்ளிகினு வருவாரு. போயி குண்டான் வெச்சிகினு குந்து."

"ரெண்டாவது வாரந்தான?"

"ரெண்டாவது வாரந்தான். எங்க வாரம்."

'எங்க வாரம்' என்பதை மார்த்தாள், முந்திரிக் கொல்லை வைத்திருப்பவர்கள் 'எங்க கொல்லை' என்று சொல்வதைப் போலத்தான் சொல்வாள். ஏற்காட்டில் 'பனிச்சாரல்' என்று ஓர் ஓய்வில்லம். முழு வீடு வாங்க வசதியில்லாதவர்கள் அந்த வீட்டில் வருடத்துக்கு ஒரு வாரத்தை வாங்கிக்கொள்ளலாம். அந்த வாரம் வீடு அவர்களுடையது. மற்ற வாரங்கள் வேறு யார் யாருடையதோ. மகள் டெய்சி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மார்த்தாளின் கணவர் மரியஜோசப்பும் அவருடைய ஷிப்ட் ஆட்களும் சேர்ந்து ஆளுக்கொரு வாரம் வாங்கிப்போட்டார்கள். மரியஜோசப்புக்குச் சுரங்கத்தில் நிலக்கரி ஓடும் பெல்ட்டில் வேலை. முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று மாறி மாறிப் போனதில், மூன்று பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது அந்த ஒரு வாரம்தான். தொடக்கத்தில் மார்த்தாளுக்கு அந்த வாரத்தின் அருமை அவ்வளவுதான்.

டெய்சியைக் கோயம்புத்தூருக்குக் கட்டிக் கொடுத்த பிறகு அது வேறு மாதிரி ஆகிவிட்டது.

போனில் டெய்சி பேசுவது நாலே வார்த்தை. சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், அத்தை நல்லா இருக்காங்க, வெச்சிடறேன். பின்னால் மாமியாரின் டிவி ஓடிக்கொண்டிருக்கும். சில நாள் டிவியின் சத்தத்தை யாரோ குறைப்பதும் மார்த்தாளுக்குக் கேட்கும். ஒரு கிறிஸ்துமஸுக்கு நேரிலேயே போய்ப் பார்த்தார்கள். மாமியார் நடுவில் உட்கார்ந்துகொண்டு, டெய்சியிடம் கேட்டதற்கெல்லாம் தானே பதில் சொன்னார். சாயங்காலப் பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள். நெய்வேலிக்கு அவளை அனுப்புவது கிடையாது. கரித்தூசி அவளுக்கு ஒத்துக்கொள்ளாதாம். பிறந்து வளர்ந்தபோது ஒத்துக்கொண்ட தூசி.

ஆனால் ஏற்காடு என்றால் மாப்பிள்ளை சைமன்ராஜே கார் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். மே மாதம்தான் அவனுக்கு விடுமுறை. டெய்சியின் மாமியாருக்கு மலைப்பாதையில் தலை சுற்றும், வர மாட்டார். குளிருக்கு அவன் வெயில் ஏறும்வரை போர்த்திக்கொண்டு தூங்குவான். அந்த நேரத்தில் அம்மாவும் மகளும் சொட்டரை மாட்டிக்கொண்டு மாதா கோயிலுக்கு நடந்து போய்வருவார்கள். போகும்போது டெய்சி பேச மாட்டாள். திரும்பும்போதுதான் பேசுவாள்.

போன வருடம் கடைசி நாள் காலையில் கோயில் படியில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டே, "அம்மா, உங்கிட்ட ஒன்னு சொல்லணும்" என்றாள்.

"சொல்லு."

கீழே சாலையில் கார் ஹாரன் அடித்தது. அன்றைக்கென்று பார்த்துச் சைமன்ராஜ் சீக்கிரம் எழுந்துவிட்டான். டெய்சி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "அடுத்த வருஷம் சொல்றன்" என்றாள்.

ஒரு வருடம் பொறுத்துச் சொல்கிற சேதி நல்ல சேதியாக இருக்காது என்று மார்த்தாளுக்குத் தெரியும். அன்றிலிருந்து அவள் அந்த வாரத்துக்காகத்தான் இருந்தாள் என்று சொன்னால் கூடுதலாகத் தோன்றலாம். ஆனால் வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

குருத்தோலை ஞாயிறு கழிந்த மறுநாள் காடாம்புலியூரிலிருந்து சின்னதுரை வந்தார். மரியஜோசப்போடு ஒரே பெல்ட்டில் வேலை பார்ப்பவர். வண்டியில் பின்னால் அவர் மனைவி செந்தாமரை, இருவருக்கும் நடுவில் கோணிப்பையில் ஒரு பலாப்பழம். மரியஜோசப் முதல் ஷிப்ட் முடிந்து வந்து, பனியனோடு பின்வாசலில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"நடுவுல புள்ளைய குந்த வெச்சிகினு வர்ற மாதிரி வந்தோம்க்கா" என்று செந்தாமரை பழத்தை இறக்கினாள். "மேடு பள்ளத்துல ஒவ்வொரு தபாவும் முள்ளு எனக்குத்தான் குத்துச்சி. இவரு ஜாலியா ஓட்டிகினு வந்தாரு."

மார்த்தாள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அரிவாள்மனையில் உட்கார்ந்தாள். பழம் பிளந்ததும் மாடிவரை வாசனை போனது. கண்ணகி ஒரு கிண்ணத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினாள்.

சின்னதுரை ஒரு சுளையைக் கூடச் சாப்பிடவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, மலைக்கு ரூம்பு கன்பாரம் பண்ணியா?"

"நான் எதுக்குப் பண்ணணும்? வருஷா வருஷம் அவனே மெசேஜ் அனுப்புறான்."

"இந்த வருஷம் அனுப்ப மாட்டான்ணே. நேத்து நான் போன் போட்டன். கட்டடத்த இடிச்சிகினு இருக்கானாம்."

"இடிக்கத்தான் செய்வான். சொல்லித்தான நம்மகிட்ட எழுதி வாங்கினான். புதுசு கட்டி நமக்கு மாத்திக் குடுப்பான். அதுவரைக்கும் வேற எடம்."

"வேற எடமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பாயிண்டு குடுத்திருக்கானாம் நம்ம பேருக்கு. அத வெச்சிகினு அவனுக்கு இருக்கிற எந்த ஓட்டல்ல வேணும்னாலும் தங்கலாமாம். மே மாசம் வேணும்மான்னு கேட்டன். சீசன் டைம்ல பாயிண்டு செல்லாதாம் சார், ஜூலைல இருந்து கேளுங்கன்றா அந்தப் பொண்ணு. மழைல மலைக்குப் போயி என்னா, நத்த பொறுக்கறதா?"

மார்த்தாளின் கை சுளைக்குள் நின்றுவிட்டது. "புதுக் கட்டடம்?"

"அது பணக்காரங்களுக்கு விக்கிற தனித்தனி பங்களாவாம்க்கா. அதுல நம்ம வாரமே கெடையாதாம். எழுதிக் குடுத்துட்டீங்களே சார்ன்றா."

மரியஜோசப் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பெல்ட் இரைச்சலில் அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆனால் இதெல்லாம் நன்றாகவே கேட்டிருந்தது.

எழுதிக் கொடுத்தது தீபாவளிக்குப் பிறகு. பனிச்சாரலிலிருந்து அருண்குமார் என்று ஒரு பையன் வந்து, கம்யூனிட்டி ஹாலில் எல்லோரையும் உட்காரவைத்து, கேக்கும் காப்பியும் கொடுத்து, கட்டடம் பழசாகிவிட்டது, இடித்துக் கட்டப்போகிறோம் என்று படம் போட்டுக் காட்டினான். ஒரு பத்திரம் கொடுத்தான். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்றுகூடச் சொன்னான். பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். மரியஜோசப்தான் அவர்களை நிறுத்தினார். கம்பெனி குவார்ட்டர்ஸில் பழைய பிளாக்கின் மேல்தளம் பெயர்ந்து விழுந்தபோது என்ன நடந்தது என்று அவருக்கு நினைவிருந்தது. காலி செய்கிறேன் என்று முதலில் எழுதிக் கொடுத்து முதலில் சாவியை நீட்டியவர்களுக்குத்தான் வேப்பமரத்தடியில் மூலை வீடு கிடைத்தது. இன்னும் பார்க்கலாம் என்று இழுத்தவர்கள் சாக்கடை ஓரத்து வீட்டுக்குப் போனார்கள். டவுன்ஷிப்பில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எழுதிக் கொடுத்தால் மாற்று வீடு வரும். சீக்கிரம் எழுதிக் கொடுத்தால் நல்ல வீடு வரும். "மொதல்ல குடுக்கிறவனுக்கு மொதல்ல அலாட்மெண்ட்டுப்பா, வீட்டுக்கு எடுத்துகினு போயி யாரு கிட்ட கேக்கப்போற, போடு" என்று சொல்லி, முதல் கையெழுத்தை அவரே போட்டார். பின்னால் வரிசை நின்றது.

"எல்லாருமா போட்டுட்டோம்?" என்று மார்த்தாள் கேட்டாள்.

"இசக்கிமுத்து போடல" என்றார் சின்னதுரை.

"அவருக்கு எப்படித் தெரிஞ்சிது?"

"அவனுக்கு என்னா தெரியும்? அவன் என்னைக்கு எதுல நேரத்துக்குக் கையெழுத்துப் போட்டான்? வேலைக்கு வந்தா மஸ்டர் நோட்டுலயே போட மாட்டான், சம்பளத்த வெட்டனப்பறம் போயி அழுவான். அந்தப் பேப்பர டிபன் பாக்ஸ் அடியில மடிச்சி வெச்சிகினு போயி ரசத்தக் கொட்டிட்டான். வேற பேப்பர் வாங்கறன் வாங்கறன்னு அப்படியே வுட்டுட்டான். இன்னைக்கு அவன் ஒருத்தன்தான் ஓனரு."

செந்தாமரை சிரித்துவிட்டாள். சிரித்ததும் கோபம் வந்துவிட்டது. "எங்க வூட்டுக்காரரு சட்ட எடுக்கப் போனாக்கூட ஜோசப்பு அண்ணனக் கேட்டுத்தான் எடுப்பாரு. இதுலயும் அண்ணன் பின்னாலயே போயி நின்னாரு."

"ஏய், சும்மா இரு."

"நான் என்னா சொல்லிட்டன்? நின்னீங்களா இல்லியா?"

"சொல்லட்டும் வுடு" என்றார் மரியஜோசப். "நெசந்தான."

இசக்கிமுத்துவின் வாரத்தையாவது கடன் கேட்கலாமா என்று மார்த்தாளுக்கு ஒரு நினைப்பு ஓடியது. கேட்டாள். அது ஆகஸ்டில் வருகிற வாரம். அதுவும் பங்களா கட்டி முடித்த பிறகு.

புனித வாரம் முடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் சின்னதுரையுமாகப் பண்ருட்டிக்குப் பஸ் ஏறினார்கள். முந்திரி மொத்த வியாபாரக் கடை ஒன்றின் மாடியில் வக்கீல் பொற்கொடியின் அறை. கீழே பெண்கள் பருப்புத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வறுத்த தோலின் காரமான நெடி படிக்கட்டு வழியே மேலேறி வந்தது. பொற்கொடி இளவயதுக்காரி, பழைய ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம்வரை பொறுமையாகப் படித்தாள்.

"இத யாரோ ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க. மூணுல ரெண்டு பங்கு ஓனருங்க எழுதிக் குடுத்தாத்தான் கட்டடத்துல கைய வெக்க முடியும். அப்படியே இடிச்சாலும் புதுசா கட்டறதுல அதே வாரத்தக் குடுத்தே ஆவணும். இந்த மாதிரி பாதுகாப்பு எல்லா ஒப்பந்தத்துலயும் இருக்காது."

"அப்ப குடுத்துடுவான்" என்றாள் மார்த்தாள்.

"எழுதிக் குடுக்காதவங்களுக்கு மட்டுந்தாம்மா."

கீழே யாரோ ஏதோ சொல்ல, பெண்கள் சேர்ந்து சிரித்தார்கள்.

"எழுதிக் குடுத்தவங்க உரிமைய விட்டுட்டு பாயிண்டு வாங்கிக்கிறதா ஒத்துகினு இருக்கீங்க. நீங்க எல்லாரும் போட்டதுலதான் அவனுக்கு மூணுல ரெண்டு பங்கே தேறியிருக்கு. ஏன் சார் போட்டீங்க?"

மரியஜோசப் குவார்ட்டர்ஸ் கதையைச் சொன்னார். மேல்தளம் பெயர்ந்தது, சாவி கொடுத்தது, வேப்பமரத்தடி வீடு. பொற்கொடி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அது உங்க கம்பெனி சார். இது வேற கம்பெனி."

"கம்பெனின்னா எல்லாம் ஒரே மாதிரிதான்னு இருந்துட்டம்மா. நாங்க வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து எழுதிக் குடுத்து எதுவும் கெட்டதில்ல."

"சரி. நுகர்வோர் கோர்ட்டுல போடலாம். அந்த அருண்குமார் உங்ககிட்ட பொய் சொல்லி வாங்கினான், புதுக் கட்டடத்துல எடம் தர்றன்னு சொன்னான், அப்படின்னு நீங்க சொல்லணும். சொன்னானா?"

சின்னதுரை அவசரமாக, "சொன்னான், சொன்னான்" என்றார்.

மரியஜோசப் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல தொர. அவன் சொல்லல. வூட்டுக்கு எடுத்துகினு போயி படிங்கன்னுதான் சொன்னான். நாந்தான் அப்படிச் சொன்னன்."

"அண்ணே, நீ கொஞ்சம் வாய மூடிகினு இரேன்."

"அந்தப் பையனுக்கும் வேல போயிடுமில்ல."

"நம்ம வாரம் போயிடுச்சி, அவனுக்கு வேல போனா என்னா!"

பொற்கொடி காகிதங்களை ஒழுங்குபடுத்தி மடித்தாள். "சார் கோர்ட்டுல வந்து இப்படிச் சொன்னாருன்னா, கேஸு அங்கயே முடிஞ்சிடும். சொல்லாம இருந்தா இழுக்கலாம். நம்ம பக்கம் வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

மார்த்தாள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "மே மாசத்துக்குள்ள ஏதாச்சும் ஆவுமாம்மா?"

பொற்கொடி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். "எந்த வருஷத்து மே மாசம்மா?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் மரியஜோசப் ஒப்பந்தத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டவுன்ஷிப் எல்லைக்குள் நுழைந்து மரநிழல் வந்த பிறகுதான், "ஒரு லாட்ஜாவது எடுத்துடலாம் மார்த்தா. மாப்ளைக்குப் போன் போடு" என்றார்.

அவள் மறுநாள் காலையில் போட்டாள். சைமன்ராஜ் முழுவதும் கேட்டுக்கொண்டான். மரியாதையாகத்தான் பேசுவான், அதில் ஒன்றும் குறை சொல்ல முடியாது.

"லாட்ஜெல்லாம் வேண்டாங்கத்தை. சீசன்ல பாத்ரூம் எப்படி இருக்குமோ. மாமா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி."

"கேட்டிருக்கலாம் மாப்ள. தப்புதான்."

"பரவால்லைங்கத்தை. அம்மாவும் ரொம்ப நாளா வேளாங்கண்ணி போகணும்னு சொல்லிட்டிருந்தாங்க. இந்த வருஷம் அங்க போயிட்டு வந்துடறோம்."

"நாங்களும் வேளாங்கண்ணிக்கு வந்துடறமே. மாதாவப் பாத்து எத்தினி வருஷம் ஆவுது."

"அம்மா கூட இருக்காங்கல்ல. ரூம்ல இடம் பத்தாதுங்கத்தை."

"நாங்க தனியா எங்கனா தங்கிக்கறம் மாப்ள."

"பாக்கலாம்ங்கத்தை."

"டெய்சிகிட்ட கொஞ்சம் குடுங்க."

"குளிச்சிட்டிருக்கா."

பார்க்கலாம் என்றவன் பிறகு கூப்பிடவில்லை. மார்த்தாள் கூப்பிட்டபோதெல்லாம் கிளாஸில் இருந்தான்.

கத்திரி வெயில் தொடங்கியது. மே மாதக் கடைசியில் மரியஜோசப்புக்கு ஓய்வு. அதோடு குவார்ட்டர்ஸையும் காலி செய்து கொடுக்க வேண்டும். வடலூர்ப் பக்கம் வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருந்தார்கள். ஒரு அறை, ஒரு அடுப்படி. கட்டிலைப் போட்டால் பீரோவுக்கு இடமில்லை, பீரோவை வைத்தால் கட்டிலுக்கு இடமில்லை. மார்த்தாள் பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பழைய சேலையில் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்கினாள். சொட்டர்கள் நாற்காலி மேல் கிடந்தன. அவற்றை எந்தப் பெட்டியில் வைப்பது என்று அவளுக்குத் தீர்மானமாகவில்லை.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் போன் அடித்தது. டெய்சியேதான். பின்னால் டிவி இல்லை. கூட்டத்தின் இரைச்சலும் ஒலிபெருக்கியில் ஜெபமாலையும் கேட்டன.

"அம்மா, வேளாங்கண்ணில கியூல நிக்கிறேன்."

"வெயில்லயா? தலைல துணி போட்டுகினியா?"

"போட்டிருக்கேன்."

"பக்கத்துல யாரு?"

"எல்லாரும்தாம்மா."

மார்த்தாள் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். தரையில் உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "போன வருஷம் ஒன்னு சொல்லணும்னியே."

ஒலிபெருக்கியில் ஒரு 'அருள் நிறைந்த மரியே' முழுதாகப் போயிற்று.

"அத வுடும்மா இப்ப."

"நீ சொல்ல வாணாம். நான் கேக்கறன். ஆமான்னா வேற எதனா சொல்லு, எனக்குப் புரியும்." மார்த்தாள் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டாள். "அடிக்கிறாரா?"

"சாப்பிட்டம்மா" என்றாள் டெய்சி. "காலைல இட்லி. நீ சாப்பிட்டியா?"

மார்த்தாள் போனை அடுத்த காதுக்கு மாற்றினாள். "ரொம்ப நாளாவா?"

"ம். நல்ல கூட்டம்."

"வந்துடறியா? இப்பவே பஸ் ஏறி வந்துடு."

"எங்க வர்றதும்மா?"

அதட்டலாகவோ அழுகையாகவோ இல்லை. பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று நடத்துநரிடம் கேட்பதுபோல் கேட்டாள். மார்த்தாள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டிய பெட்டிகள், கழற்றி வைத்த மின்விசிறி, சுவரில் காலண்டர் இருந்த இடத்தில் வெள்ளைச் சதுரம். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தப் பக்கம் ஒரு பெண்குரல், "யாரு டெய்சி, இந்த வெயில்ல?" என்று கேட்டது.

"அம்மாங்கத்தை. சும்மாதான்." பிறகு போனில், "கியூ நகருதும்மா. அந்தச் சொட்டர யாருக்காச்சும் குடுத்துடு. வெச்சிடறேன்."

மார்த்தாள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். முதல் ஷிப்ட் விட்டு கம்பெனி பஸ் தெருமுனையில் நின்று போகிற சத்தம் கேட்டது. மரியஜோசப் வந்தார். புருவத்தில் கரித்தூள். கையில் டவுன்ஷிப் ஆபீஸிலிருந்து வாங்கி வந்த காகிதம்.

"யாரு போன்ல?"

அவர் முகத்தைப் பார்த்தாள். ஏப்ரலிலிருந்து அந்த முகத்தில் சதை வற்றிக்கொண்டே வந்தது. இப்போது சொன்னால் அந்த ஆள் தாங்குவாரா என்று தெரியவில்லை.

"டெய்சி."

"என்னா சொன்னா?"

"சாப்ட்டாளாம்."

"நல்லது." அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தைப் பிரித்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். எதிலும் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுப் பழகிய மனிதர். படித்து முடித்துப் பேனாவை எடுத்துக்கொண்டு மறுபடி மேலிருந்து தொடங்கினார். "கோட்ரஸ காலி பண்ணிக் குடுக்கறன்னு எழுதிக் குடுக்கறது இது. இன்னைக்கே போட்டுக் குடுத்தா ஆபீஸ்ல வேல சீக்கிரம் முடியும்னான். போடட்டா மார்த்தா?"

"போடாதீங்க."

"ஏன்?"

"போடாதீங்கன்னா போடாதீங்க."

"இதுக்கு மாத்து வூடு கெடையாதுடி. ரிட்டயர் ஆனவனுக்கு ஏது? இன்னைக்கு இல்லன்னாலும் மாசக் கடசிக்குள்ள போட்டுத்தான் ஆவணும்."

"தெரியும்" என்றாள். எழுந்து வந்து அவர் விரல்களிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திருகினாள். நாற்காலியில் கிடந்த சொட்டர்களில் டெய்சியுடையதை மட்டும் உருவி, பெட்டியில் வைக்காமல், வெறும் பீரோவின் மேல்தட்டில் திரும்ப வைத்தாள்.

"கடசி நாளு போடுங்க. அதுவரைக்கும் இந்த வூடு இருக்கட்டும். கடசி ஆளாப் போடுங்க."